வெளிநாட்டுப் போரை எதிர்த்துச் சங்கம் தீர்மானம் போடுவதால் பலன் உண்டா? (அண்டியாபீஸ் கிளைக் கூட்டத்துக்கு முன் ஒரு கேள்வி)

கேள்வி: கருங்கல் கிளை

எல்லாருக்கும் வணக்கம். நான் கருங்கல் பக்கம் ஒரு அண்டியாபீஸில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், பருப்பின் தோல் உரிக்கும் பீலிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்த வருஷம் எங்கள் சங்கக் கிளைக்கு என்னைச் செயலாளர் ஆக்கியிருக்கிறார்கள். மேலே இருந்து ஒரு தீர்மான வாசகம் வந்திருக்கிறது. மேற்காசியாவில் நடக்கும் போரை நிறுத்த வேண்டும், அதற்கு இந்தியாவிலிருந்து ஆயுதமும் போகக் கூடாது, ஆளும் போகக் கூடாது என்பது சாரம். ஞாயிற்றுக்கிழமை கிளைக் கூட்டத்தில் வாசித்து, பேசி, நிறைவேற்றி அனுப்ப வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் நான்கைந்து பேரிடம் முன்கூட்டியே சொல்லிப் பார்த்தேன். கொட்டை உடைக்கும் தல்லுப் பிரிவில் முப்பது வருஷமாக இருக்கும் ஒரு அக்கா, விரலெல்லாம் முந்திரி ஓட்டின் பால் பட்டுக் கறுத்துப் போனவர், என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: “தோட்டண்டி வரலேன்னு வாரத்துல மூணு நாள்தான் வேலை. பி.எஃப். கட்டுன கணக்கு கேட்டா ஆபீஸ்ல சொல்ல மாட்டேங்கான். நீ எதுக்குட்டீ எங்கயோ நடக்கிற யுத்தத்தப் பேசுத?” தோட்டண்டி என்றால் ஓடு உடைக்காத முந்திரிக்கொட்டை. மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் ஆபீஸில் பாதி வீட்டில் கணவனோ மகனோ தம்பியோ கல்ஃபில் இருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் ஓமானில் கட்டிட வேலையில் இருக்கிறார். செய்தியில் ஏவுகணை என்று வந்தாலே ராத்திரி முழுக்க நாங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்போம். அதனால் இது எங்கேயோ நடக்கும் விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தொழிற்சங்கங்கள் உண்மையிலேயே எப்போதாவது ஒரு போரைத் தடுத்திருக்கின்றனவா? வெறும் காகிதத்தில் எழுதி அனுப்பினால் ஏதாவது நடக்குமா? அண்டி பிரிக்கிற பெண்கள் இதில் என்ன செய்ய முடியும்? அந்த அக்காவுக்கு நான் மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும்.

பதில்: திங்கள்சந்தை கொத்தனார்

அக்கா, நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் கட்டிடத் தொழிலாளர் சங்கத்தில் சந்தா கட்டுகிறவன்தான். 2023 கடைசியில் இஸ்ரேலுக்குக் கொத்தனார், கம்பி கட்டுகிறவர், டைல்ஸ் போடுகிறவர் வேண்டும் என்று ஹரியானா அரசு விளம்பரம் கொடுத்தது. மாதம் 1.37 லட்சம் ரூபாய் சம்பளம். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. இங்கே மழை பெய்தால் வேலை இல்லை, எம் சாண்ட் விலை ஏறினால் வேலை இல்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய கடன் இன்னும் நிற்கிறது.

அந்த நேரத்தில்தான் பத்து மத்திய சங்கங்களும் சேர்ந்து, ஆட்களை அனுப்பாதே, ஒப்பந்தத்தை ரத்து செய் என்று அறிக்கை விட்டார்கள். எங்கள் ஊர்க் கூட்டத்திலும் வாசித்தார்கள். நான் எழுந்து, “அனுப்ப வேண்டாம், சரி. அப்போ எனக்கு இங்கே வருஷத்தில் எத்தனை நாள் வேலை வாங்கித் தருவீர்கள்?” என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. அந்த ஆள் எடுப்புத் தேர்வு வடக்கே நடந்தது, அதனால் நான் போகவில்லை. நாகர்கோவிலில் வைத்திருந்தால் கண்டிப்பாகப் போயிருப்பேன்.

போர் நல்லது என்று நான் சொல்லவில்லை. எங்கள் வயிற்றைப் பற்றிப் பேசாமல் போரைப் பற்றி மட்டும் பேசுகிற தீர்மானத்துக்கு என் கை தூக்காது. உங்கள் ஆபீஸ் அக்கா சொன்னதும் அதைத்தான் என்று நினைக்கிறேன்.

பதில்: குளச்சல் வின்ச்காரர்

தங்கச்சி, நான் குளச்சல்காரன். தூத்துக்குடி ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவன். சங்கத்தில் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாகவும் இருந்திருக்கிறேன். கப்பலில் சரக்கு ஏற்றுகிறவனுக்கு இந்தக் கேள்வி ரொம்ப நெருக்கமானது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

சங்கங்கள் போரைத் தடுத்ததுண்டா என்றால், தடுத்ததும் உண்டு, தடுக்கப் போய்த் தோற்றதும் உண்டு, வெட்கப்படும்படி போருக்குப் பின்னால் போய் நின்றதும் உண்டு. மூன்றையும் கூட்டத்தில் சொல்லுங்கள். ஜெயித்த கதையை மட்டும் சொன்னால் அந்த அக்கா நம்ப மாட்டார்.

1920 மே 10. லண்டனில் ஈஸ்ட் இந்தியா டாக்ஸ் என்ற துறைமுகம். முதல் உலகப் போர் முடிந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அப்போது போலந்து சோவியத் ரஷ்யாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அதற்குத் துப்பாக்கியும் வெடிமருந்தும் அனுப்ப ஜாலி ஜார்ஜ் என்ற கப்பல் நின்றது. சரக்கு என்னவென்று தெரிந்ததும் துறைமுகத் தொழிலாளிகள் ஏற்ற மாட்டோம் என்று நிறுத்தினார்கள். ஆனால் நிறுத்திய கையோடு அவர்கள் செய்த இன்னொரு காரியம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சங்கத் தலைமையிடம் போய், எங்களுக்குப் பின்னால் நிற்பீர்களா என்று கேட்டு, நிற்போம் என்று வாக்கு வாங்கினார்கள். கப்பலுக்குக் கரி போடுகிற தொழிலாளிகளும் கரி போட மறுத்தார்கள். சரக்கு இருந்தாலும் கரி இல்லாமல் கப்பல் நகராது. கடைசியில் ஆயுதங்களை இறக்கிவிட்டுத்தான் அது போனது. அந்த ஆகஸ்டில் ரஷ்யாவோடு பிரிட்டன் நேரடியாகப் போருக்குப் போகும் என்ற பேச்சு வந்தபோது, சங்கங்களும் தொழிற்கட்சியும் சேர்ந்து செயற்குழு ஒன்று அமைத்து, போருக்குப் போனால் பொது வேலைநிறுத்தம் என்று அறிவித்தன. பிரிட்டன் போருக்குப் போகவில்லை. அதற்குச் சங்கம் மட்டுமே காரணம் என்று சொன்னால் மிகையாகும். ஆனால் அரசாங்கம் கணக்குப் போடும்போது தொழிலாளியையும் கணக்கில் எடுக்க வேண்டி வந்தது.

அடுத்தது ஆஸ்திரேலியா, போர்ட் கெம்ப்லா துறைமுகம், 1938 நவம்பர். ஜப்பான் படை சீனாவுக்குள் புகுந்து, நான்ஜிங் நகரத்தில் செய்த கொடுமைகள் உலகத்துக்கே தெரிந்த சமயம். டால்ஃப்ராம் என்ற கப்பலில் ஜப்பானுக்குக் கச்சா இரும்பு ஏற்ற வேண்டும். இந்த இரும்புதான் குண்டாகி சீனர்கள் தலையில் விழும், நாளைக்கு நம் தலையிலும் விழலாம் என்று சொல்லித் தொழிலாளிகள் மறுத்தார்கள். சுமார் பத்து வாரம் தாக்குப் பிடித்தார்கள். துறைமுகத்தில் வேலை செய்யவே லைசென்ஸ் வேண்டும் என்ற சட்டத்தைக் காட்டி அரசாங்கம் மிரட்டியது. உருக்காலையை மூடினார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். கிறிஸ்துமஸ் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 1939 ஜனவரியில் அந்த இரும்பை அவர்கள் ஏற்றத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அப்போது அட்டர்னி ஜெனரலாக இருந்து அவர்களை மிரட்டிய மென்சிஸ் பின்னாளில் பிரதமரான பிறகும் பிக் அயர்ன் பாப் (கச்சா இரும்பு பாப்) என்ற பட்டப்பெயர் அவரை விட்டுப் போகவில்லை. சில வருஷத்தில் அதே ஜப்பான் விமானங்கள் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தில் குண்டு போட்டன. ஏற்ற மாட்டோம் என்று சொன்னவர்கள் சொன்னது சரியாகிப் போனது.

1945 எனக்கு மிகவும் பிடித்தது. இந்தோனேசியா சுதந்திரம் அறிவித்துவிட்டது. மறுபடி பிடிக்க டச்சுக்காரன் வருகிறான். நம் மாவட்டத்தில் டச்சுக்காரன் என்றால் எல்லாருக்கும் தெரியும். குளச்சல் வெற்றித்தூணையும் உதயகிரிக் கோட்டையில் டச்சுப் படைத் தளபதி டிலனாய் கல்லறையையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1741-இல் இங்கே குளச்சல் போரில் தோற்றவன் 200 வருஷம் கழித்தும் அங்கே விடாமல் நின்றான். ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் நின்ற டச்சுக் கப்பல்களிலிருந்து முதலில் இந்தோனேசிய மாலுமிகள் இறங்கினார்கள். ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளிகள் அந்தக் கப்பல்களைத் தொட மாட்டோம் என்று தடை போட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக இந்திய மாலுமிகளை வைத்து ஓட்டலாம் என்று பார்த்தபோது, நம் ஆட்களும் மறுத்து இறங்கினார்கள். அதே நேரத்தில் பிரிட்டிஷ் அரசு இந்தியச் சிப்பாய்களைக் கொண்டுபோய் சுரபாயாவில் இந்தோனேசியர்களைச் சுட வைத்துக்கொண்டிருந்தது. அங்கே ஒரு இந்தியன் கையில் துப்பாக்கி, இங்கே ஒரு இந்தியன் கப்பலை விட்டு இறங்கிக் கரையில் பட்டினி கிடக்கிறான். இதைக் கூட்டத்தில் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

சரி, மற்றப் பக்கம். 1912-இல் பாசெல் நகரத்தில் ஐரோப்பிய சோசலிஸ்ட் கட்சிகள் எல்லாம் கூடிப் போரைத் தடுப்போம் என்று தீர்மானம் போட்டன. 1914-இல் போர் வந்ததும் பெரும்பாலான கட்சிகளும் அவற்றோடு இருந்த சங்கங்களும் அவரவர் அரசாங்கத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டன. வியட்நாம் போரில் அமெரிக்காவின் பெரிய தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைமை போரை ஆதரித்தது. 1970 மே மாதம் நியூயார்க்கில் கட்டிடத் தொழிலாளிகள் போர் எதிர்ப்பு மாணவர்களை அடித்தார்கள். ஆனால் அதே நாட்டில் 2008 மே தினத்தன்று மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளிகள் இராக், ஆப்கானிஸ்தான் போர்களை எதிர்த்து 29 துறைமுகங்களில் ஒரு ஷிஃப்ட் வேலையை நிறுத்தினார்கள். ஒரே நாடு, ஒரே தொழிலாளி வர்க்கம். கிளையில் உட்கார்ந்து யார் பேசினார்கள், யார் பேசாமல் விட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இப்போது நம் கதை. 2024 பிப்ரவரியில் இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், பாலஸ்தீனப் போருக்காக இஸ்ரேலுக்குப் போகிற, அங்கிருந்து வருகிற ஆயுதச் சரக்கைக் கையாள மாட்டோம் என்று அறிவித்தது. 11 பெரிய துறைமுகங்களில் 3,500 தொழிலாளிகள் கொண்ட அமைப்பு. செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அதே ஏப்ரலில் சென்னையிலிருந்து மரியான் டானிகா என்ற கப்பல் வெடிபொருளோடு இஸ்ரேலின் ஹைஃபா துறைமுகத்துக்குக் கிளம்பியது. மே மாதம் ஸ்பெயின் அரசு, கார்தகேனா துறைமுகத்துக்குள் வரக் கூடாது என்று அதைத் திருப்பியது. அப்படித்தான் உலகத்துக்கே தெரிந்தது.

அறிவித்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் காலத்தில் ஸ்லிங் கயிற்றில் கட்டித் தூக்கும்போது சாக்கா பெட்டியா இரும்பா என்று கண்ணுக்குத் தெரியும். இன்றைக்குக் கன்டெய்னரைத் தூக்கும் கிரேன் ஓட்டுநருக்கு உள்ளே என்ன என்று தெரியாது. வெடிபொருள் என்றால் வகுப்பு 1 என்று ஆரஞ்சு அடையாளம் ஒட்ட வேண்டும். ஆனால் துப்பாக்கி உதிரி பாகத்துக்கு அதுவும் தேவையில்லை. 2025 ஜூனில் பிரான்சில் மார்செய் அருகே ஃபோஸ் துறைமுகத்தில், இயந்திரத் துப்பாக்கிக்கான உதிரிகள் இருந்த கன்டெய்னரைத் தொழிலாளிகள் ஒதுக்கி வைத்தார்கள் அல்லவா, அதில் என்ன இருக்கிறது என்பதைப் பத்திரிகையாளர்கள் தோண்டி எடுத்துச் சொன்னதால்தான் முடிந்தது. சங்கத்துக்குத் தைரியம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் தகவல்.

என் அனுபவம் ஒன்று. 1990 ஆகஸ்டில் சதாம் உசேன் குவைத்துக்குள் படையோடு புகுந்தபோது என் தம்பி அங்கே ஒரு கடையில் வேலை பார்த்தான். உடுத்த துணியோடு பாக்தாத் வழியாக ஜோர்டான் போய், அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் வந்து சேர்ந்தான். 1,70,000 பேருக்கு மேல் அப்படி வந்தார்கள். நம் மாவட்டத்தில் அந்த வருஷம் எத்தனை வீட்டில் உலை எரியவில்லை என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அடுத்த ஜனவரியில் அமெரிக்கா போரைத் தொடங்கியது. அதன் ராணுவ விமானங்கள் பம்பாய், ஆக்ரா, சென்னையில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொள்ள சந்திரசேகர் அரசு அனுமதித்தது. நாங்கள் ஹார்பர் கேட்டில் அதை எதிர்த்துக் கூட்டம் போட்டோம். அப்போது எங்களோடு சேர்ந்து சரக்கு ஏற்றும் குழுவில் ஒருவர் கேட்டார், “உன் தம்பி சோற்றில் மண்ணைப் போட்டவன் சதாம். அவனை அடிக்க வருகிறவனை நீ ஏன் தடுக்கிறாய்?”

நல்ல கேள்வி. அதற்குப் பதிலைத் தீர்மானத்திலேயே எழுதினோம். குவைத்தைப் பிடித்ததும் தவறு, இராக்கைக் குண்டு போட்டுத் தரைமட்டமாக்குவதும் தவறு, இரண்டிலும் முதலில் சாகிறவன் கூலிக்காரன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். நாடு முழுக்க எதிர்ப்பு வந்தது, பிப்ரவரியில் எண்ணெய் நிரப்புவது நின்றது. ஒரு பக்கத்துக்குக் கொடி பிடிக்கிற தீர்மானம் என்றால் உறுப்பினர் பிரிந்து போவார். உழைக்கிறவன் பக்கம் நின்று எழுதினால் அந்த அக்காவும் கை தூக்குவார் என்று நான் நம்புகிறேன்.

உங்கள் கையில் குண்டு வரப்போவதில்லை, அண்டிப்பருப்புதான் வருகிறது. அதனால் தொழில் வழியாக நீங்கள் எதையும் மறுக்கத் தேவையில்லை. அப்போ போர் உங்களை எந்த இடத்தில் தொடுகிறது என்று பாருங்கள். நம் நாட்டுப் பருப்பை அதிகம் வாங்குவது ஐக்கிய அரபு அமீரகம். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியதும் ஐரோப்பாவுக்குப் போகிற கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின, கப்பல் வாடகை ஏறியது. வேலை நாள் குறைந்தது ஏன் என்று முதலாளியிடம் கேட்டால் இதைத்தான் காரணம் சொல்வார். அது பாதி உண்மையாகவாவது இருக்கும். அதைவிட முக்கியம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பாதி வீட்டில் ஆள் அங்கே இருக்கிறார்கள்.

பதில்: தூத்தூர் விசைப்படகு

வின்ச்காரர் அண்ணன் சொன்ன கடைசி வரிக்கு நான் சாட்சி. எங்கள் ஊரில் ஆழ்கடல் தொழிலுக்குப் போகாத வீடு இல்லை. இங்கே தொழில் சரியில்லாதபோது ஈரான், சவுதி, பஹ்ரைன் என்று போவார்கள். என் மச்சான் ஈரானில் கீஷ் தீவில் படகில் இருந்தான்.

2025 ஜூன் 13-ஆம் தேதி இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. விமானம் நின்றுவிட்டது. சில நாளில் அங்கே இன்டர்நெட்டும் போய்விட்டது. வாட்ஸ்அப்பில் ஒரு டிக்கோடு மெசேஜ் நிற்கும். என் தங்கச்சி அந்த ஒரு டிக்கைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அரசாங்கம் ஆபரேஷன் சிந்து என்று ஆட்களைக் கொண்டுவந்தது, சரி. ஆனால் மீனவனுக்கு இருந்த கஷ்டம் வேறு. மாதச் சம்பளம் கிடையாது, பிடித்த மீனில் பங்கு. பங்குக் கணக்கு பார்ப்பதற்கு முன்னால் வந்துவிட்டால் உழைத்த பணம் போச்சு. பாஸ்போர்ட் படகு முதலாளியிடம் இருக்கும். உயிரா பணமா என்று அங்கே உட்கார்ந்து யோசிக்கிறான். இங்கே வட்டிக்காரன் வாசலில் நிற்கிறான்.

யார் யார் அங்கே இருக்கிறார்கள் என்று முதலில் எழுதி எடுத்தது யார் தெரியுமா? எங்கள் சர்ச் பங்குத்தந்தையும் சர்ச்சின் பங்குப்பேரவைக்காரர்களும். வீடு வீடாகப் போய், பெயர், பாஸ்போர்ட் எண், படகு முதலாளி பெயர், எந்தத் துறைமுகம் என்று நோட்டில் எழுதி, அதைக் கொண்டுபோய்க் கலெக்டர் ஆபீஸில் கொடுத்தோம். அந்த நோட்டு இல்லையென்றால் எங்கள் பெண்கள் கேட்டுக்கு வெளியே அழுதுகொண்டு நின்றிருப்பார்கள். மச்சான் வந்து சேர்ந்தான். பங்குப் பணம் இன்னும் வரவில்லை.

அக்கா, உங்கள் தீர்மானத்தில் எங்களையும் சேருங்கள். போர் வேண்டாம் என்று எங்களைவிடத் தெளிவாகச் சொல்ல யாரால் முடியும்?

பதில்: கருங்கல் கிளை

எல்லாருக்கும் நன்றி. வின்ச்காரர் அண்ணன் எழுதியதைப் பிரிண்ட் எடுத்துவிட்டேன். தூத்தூர்த் தம்பி எழுதியதை எங்கள் பிரிவில் சத்தமாக வாசித்தேன். ஒரு டிக் என்ற இடம் வந்ததும் இரண்டு பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அவர்கள் வீட்டுக்காரர்களும் அங்கேதான்.

இன்னும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். எங்கள் ஆபீஸ் மேனேஜர், இதெல்லாம் அரசியல், சங்கம் பேசக் கூடாது, சட்டப்படி தப்பு என்று ஒருவர் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அது உண்மையா? அப்புறம், கொத்தனார் தம்பி கேட்டதற்கு என்ன பதில் சொல்வது? நான் யோசித்துப் பார்த்தேன், எனக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை.

பதில்: குளச்சல் வின்ச்காரர்

தீர்மானம் போடுவது தவறில்லை தங்கச்சி. சங்கம் அரசியல் பேசலாம் என்பதை 1926 தொழிற்சங்கச் சட்டமே ஒத்துக்கொண்டது. அதன் 15-ஆம் பிரிவு பொது நிதியை எதற்கெல்லாம் செலவு செய்யலாம் என்று சொன்னது. 16-ஆம் பிரிவு, அரசியல் காரியங்களுக்குத் தனி நிதி வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்குப் பணம் கொடுக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. இப்போது வந்திருக்கும் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் தனி நிதி என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆகவே சந்தாப் பணத்தைத் தொடாதீர்கள். போஸ்டர், டிரம் செட் என்று எதுவும் வேண்டாம், ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் போதும். கூட்டத்தை ஆபீஸ் வளாகத்துக்குள், வேலை நேரத்தில் வைக்காதீர்கள். வெளியே, ஞாயிற்றுக்கிழமை, மினிட்ஸ் புத்தகத்தில் வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி நடத்துங்கள். வேலையை மறுப்பது என்றால் அது வேறு விஷயம். அதற்கு நோட்டீஸ், சம்பளப் பிடித்தம், துறைமுகம் மாதிரி இடமென்றால் அத்தியாவசியப் பணி என்ற கட்டுப்பாடு எல்லாம் வரலாம். நீங்கள் அதைச் செய்யவில்லை.

கொத்தனார் தம்பிக்கு. நீ கேட்டது நியாயம் மக்கா. அந்தக் கூட்டத்தில் பதில் சொல்லாமல் விட்டது சரியில்லை. 2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் தாக்கிய பிறகு இஸ்ரேல் பாலஸ்தீனத் தொழிலாளிகளின் வேலை அனுமதியை நிறுத்தியது. அங்கே கட்டிட வேலை நின்றது. அந்த இடத்தை நிரப்பத்தான் நம் ஊர் ஆட்களைக் கேட்டார்கள். ஒரு கொத்தனாரை வெளியே தள்ளிவிட்டு, பசியோடு இருக்கிற இன்னொரு கொத்தனாரைக் கூப்பிடுகிறார்கள். வேலைநிறுத்தம் நடக்கும்போது பக்கத்து ஊரிலிருந்து ஆள் கொண்டுவந்து இறக்குவார்களே, அது மாதிரிதான். அப்படி வருகிறவனை நாம் எதிரியாகப் பார்ப்பதில்லை, அவனிடம் பேசுவோம். கொண்டுவருகிறவனைத்தான் எதிர்ப்போம். உன்னைப் போகாதே என்று தடுக்கச் சங்கத்துக்கு உரிமை இல்லை. அரசாங்கமே தரகர் மாதிரி நின்று, குண்டு விழுகிற இடத்துக்கு உன்னை அனுப்பக் கூடாது என்று கேட்க உரிமை உண்டு.

இன்னொன்றும் தெரிந்துகொள். 2024 மார்ச் 4-ஆம் தேதி இஸ்ரேலின் வட எல்லையில் மார்கலியோட் என்ற இடத்தில் ஏவுகணை விழுந்து தோட்ட வேலை பார்த்த மலையாளி ஒருவர் செத்துப்போனார். கொல்லத்துக்காரர், நமக்குப் பக்கத்து ஆள். வேலைக்குப் போக எமிக்ரேஷன் கிளியரன்ஸ் என்ற குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்று நம் அரசு வைத்திருக்கும் 18 நாடுகளின் பட்டியலில் இஸ்ரேலும் இல்லை, ஈரானும் இல்லை. அந்தப் பட்டியல் நாட்டுக்கு அனுமதி வாங்கிப் போகிறவனுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். விபத்தில் செத்தால் குடும்பத்துக்கு 10 லட்சம். பட்டியலுக்கு வெளியே இருக்கும் நாட்டுக்குப் போகிறவனுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. சம்பளம் 1.37 லட்சம் என்று விளம்பரத்தில் போட்டவர்கள் இதைப் பெரிய எழுத்தில் போடவில்லை.

ஆகவே தங்கச்சி, மேலே இருந்து வந்த வாசகத்தை அப்படியே வாசித்துக் கை தட்டி அனுப்பாதீர்கள். அதோடு உங்கள் கிளையின் சொந்த வரிகளைச் சேருங்கள். போர் நிறுத்தம் முதல் வரியாக இருக்கட்டும். அடுத்தது போர் நடக்கும் நாட்டுக்கு அரசே ஆள் எடுத்து அனுப்பக் கூடாது. ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கு, எந்த நாடாக இருந்தாலும், காப்பீடு வேண்டும். மீட்டுக் கொண்டுவரும்போது ஆளை மட்டும் கொண்டுவந்தால் போதாது, நிலுவைச் சம்பளமும் பங்கும் வாங்கித் தரத் தூதரகம் பொறுப்பெடுக்க வேண்டும். பிறகு வேலை நாள், பி.எஃப். கணக்கு. கடல் வழியில் போர் என்று சொல்லி வேலையைக் குறைத்தால், அந்த நாட்களுக்கு நிவாரணம் வேண்டும் என்று எழுதுங்கள். அந்த அக்காவின் கோரிக்கையும் போர் எதிர்ப்பும் ஒரே தாளில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அடுப்பைப் பற்றிய விஷயம்தான்.

தீர்மானம் அனுப்பிய பிறகு தூத்தூர்த் தம்பி சொன்ன நோட்டைப் போடுங்கள். பங்குப்பேரவை செய்ததைச் சங்கமும் செய்யலாம்.

பதில்: திங்கள்சந்தை கொத்தனார்

அண்ணன் சொன்ன விதத்தில் எழுதினால் நானும் எங்கள் சங்கத்தில் இதே வாசகத்தை வைக்கிறேன். காப்பீடு விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருப்பேனா மாட்டேனா என்று இப்போது சொல்ல முடியாது, கடன் அப்படி. ஆனால் எல்லாம் தெரிந்துகொண்டு முடிவெடுத்திருப்பேன்.

பதில்: கருங்கல் கிளை

கூட்டம் முடிந்தது. தீர்மானம் நிறைவேறியது. எல்லாரும் கை தூக்கவில்லை, ஐந்தாறு பேர் சும்மா இருந்தார்கள், அதையும் மினிட்ஸில் எழுதினேன். 1945 கதையைச் சொன்னபோது, டச்சுக்காரன் என்றதும் பள்ளியில் படித்தது ஞாபகம் வந்து நிறையப் பேர் பேசினார்கள். தல்லுப் பிரிவு அக்கா கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. வாசித்து முடித்த பிறகு, “பி.எஃப். வரியை மேல கொண்டு வா, ரெண்டாவதா போடு” என்றார். போட்டேன். முதல் கையெழுத்து அவருடையது.

நோட்டும் தொடங்கிவிட்டோம். பெயர், நாடு, கம்பெனி, பாஸ்போர்ட் எண், அங்கே கூட இருக்கும் ஒருவரின் போன் எண், விசா முடியும் தேதி என்று பத்தி பிரித்திருக்கிறேன். ஓமான், குவைத், சவுதி, துபாய் எல்லாம் வந்துவிட்டது. அயலகத் தமிழர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று ஒரு பத்தி சேர்க்கச் சொல்லி ஒருவர் சொன்னார், பெரும்பாலானவர்கள் பதியவில்லை. தூத்தூர்த் தம்பி, உங்கள் நோட்டில் வேறு என்ன பத்தி இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு. வின்ச்காரர் அண்ணா, இந்தத் தீர்மானத்தின் நகலை மாவட்டக் கமிட்டிக்கு அனுப்புவதோடு கலெக்டருக்கும் நேராகக் கொடுக்கலாமா, இல்லை சங்கம் வழியாகத்தான் போக வேண்டுமா? திங்கட்கிழமை மனு நாள், எங்களில் மூன்று பேருக்கு அன்று வேலை இல்லை.